கூடி வாழும் மீன்கள்: சிறு கண்ணாடித் தொட்டிக்கு மீன் தெரிந்தெடுத்தல்

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பது பட்டணத்துச் செல்வர்களுக்கே உரிய பொழுதுபோக்கு என்றிருந்த நிலை மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தறிக்கூடத்தை அடுத்த திண்ணையிலும், விவசாயி வீட்டுக் கூடத்திலும், சங்க வாசகசாலையிலும் இன்று இரண்டடித் தொட்டிகளைக் காண்கிறோம். அதே தொட்டிகள் சில வாரங்களுக்குள் வெறுமையாகிவிடுவதையும் காண்கிறோம். மீன்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன, குழந்தைகள் கலங்குகிறார்கள், பெரியவர்கள், "நமக்கு இதில் ராசியில்லை" என்று சொல்லித் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

இதில் ராசிக்கு வேலையில்லை. ஒன்றோடொன்று ஒவ்வாத மீன்களை, பக்குவப்படாத நீரில், அளவுக்கு மிஞ்சி விடுவதே பெரும்பாலான இழப்புக்குக் காரணம். இம்மூன்றையும் தவிர்க்கும் வழியை இப்பாடத்தில் முறையாகக் காண்போம். உழைத்துச் சேர்த்த பணம் இதில் செலவாகிறது. வாயில்லா உயிர்கள் நம்மை நம்பி வருகின்றன. ஆகையால் கடைக்குச் செல்லுமுன் சிறிது கற்றுச் செல்வது நமது கடமையாகும்.

1. தொட்டியும் கணக்கும்

புதிதாகத் தொடங்குவோருக்கு 60 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி ஏற்றது. இதன் முழுக் கொள்ளளவு 54 லிட்டர். அடியில் இடும் சரளைக்கும், மேலே விடும் வெற்றிடத்திற்கும் கழித்துவிட்டால், உண்மையில் நிற்கும் நீர் ஏறத்தாழ 45 லிட்டர் என்று கொள்ளலாம். நீரும் கண்ணாடியும் சரளையும் சேர்ந்து 60 கிலோவுக்கு மேல் கனக்குமாதலால், ஆடாத மேடைமீது தொட்டியை அமைக்க வேண்டும். வெயில் நேராக விழும் இடமும், தறியின் அதிர்ச்சி தாக்கும் சுவரோரமும் ஆகா.

எத்தனை மீன் விடலாம்? வளர்ந்த மீனின் உடல் நீளம் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் நீர் என்பது தொடக்கத்தில் கைக்கொள்ளத்தக்க கணக்கு. 45 லிட்டருக்கு 30 சென்டிமீட்டர் மீன் என்று இது வரும். ஆனால் இக்கணக்கு ஐந்தாறு சென்டிமீட்டருக்கு மேல் வளராத சிறு மீன்களுக்கே பொருந்தும். நீளம் இருமடங்கானால், அகலமும் கனமும் கூடவே பெருகுவதால் உடலின் பருமன் எண்மடங்காகிறது. பத்து சென்டிமீட்டர் மீன் ஒன்று, ஐந்து சென்டிமீட்டர் மீன் இரண்டுக்குச் சமமன்று. எட்டுக்குச் சமமாக நீரை அசுத்தமாக்க வல்லது.

கடையில் காண்பவை பெரும்பாலும் குஞ்சுகளே என்பதையும் மறத்தலாகாது. வாங்கும்போதுள்ள அளவைக் கேளாமல், முழு வளர்ச்சியில் எவ்வளவு ஆகும் என்று கேட்டறிய வேண்டும்.

2. நீரை அறிதல்

சாயமிடும் தொழில் அறிந்த அங்கத்தினர்களுக்கு நீரின் குணத்தைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு கிணற்று நீரில் நன்றாகப் பிடிக்கும் சாயம் மற்றொரு கிணற்று நீரில் திட்டுத்திட்டாகப் படிவதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து போவதும், கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெண்மையான படிவு ஏறுவதும் கடின நீரின் அடையாளம். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசிய உப்பும் அதில் மிகுதியாக உண்டு. நமது பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் இத்தகையதே.

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகிய நான்கும் கடின நீரை விரும்புபவை. இவை முட்டையிடாமல் குஞ்சு ஈனும் இனங்கள். இதற்கு மாறாக, தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுக் கிளைகளிலிருந்து வந்த நியான் டெட்ரா போன்றவை மென்னீரில், சற்றே அமிலத்தன்மையுள்ள சூழலில் தோன்றியவை. இவ்விரு சாராரையும் ஒரே தொட்டியில் இட்டால், எப்படி நீரைச் சரிசெய்தாலும் ஒரு சாரார் துன்புறுவது திண்ணம். எனவே, விரும்பும் மீனுக்காக நீரை மாற்ற முயலாமல், கிடைக்கும் நீருக்கேற்ற மீனைத் தெரிந்தெடுப்பதே சிக்கனமும் நன்மையும் ஆகும். மண்ணைப் பார்த்துப் பயிரிடும் விவசாயிக்கு இது புதிய நீதியன்று.

குழாய் நீரில் கிருமிகளை அழிப்பதற்காகச் சேர்க்கும் குளோரின் மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் நீரை ஒரு நாள் முழுவதும் வைத்து, இடையிடையே கலக்கிவிட்டால் குளோரின் அகன்றுவிடும். குளோரமின் என்னும் மருந்து கலந்த நீராயின் இம்முறை பயன்படாது. கடையில் விற்கும் சோடியம் தயோசல்பேட் கலந்த குளோரின் நீக்கியை, உறையில் குறித்துள்ள அளவுப்படி சேர்க்க வேண்டும். இறைத்தவுடன் எடுத்த ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவாயிருத்தல் கூடும். அதனையும் ஓர் இரவு காற்றோட்டத்தில் வைத்தே வார்க்க வேண்டும்.

3. தொட்டி பக்குவப்படுதல்

மீனின் கழிவிலிருந்தும், தின்னாது விட்ட தீனியிலிருந்தும் அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. நல்ல தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே; மீனின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கிறது. மற்றொரு வகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இது தீங்கு குறைந்தது. நீர்ச்செடிகள் இதனை உரமாகக் கொள்கின்றன. எஞ்சியது நீர் மாற்றும்போது வெளியேறுகிறது.

இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் சரளையிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குமுன் மீன்களை நிரப்புவது, கஞ்சி உலராத பாவைத் தறியில் ஏற்றுவதை ஒக்கும். நீரையும் சரளையையும் இட்டு, காற்றுக் குழாயுடன் கூடிய பஞ்சு வடிகட்டியை இரவும் பகலும் இயக்கி, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனி இட்டு வந்தால், அது அழுகித் தரும் அமோனியாவைக் கொண்டு நுண்ணுயிர்கள் பெருகும். நோயற்ற மீன்கள் வாழும் தொட்டி வேறோர் அங்கத்தினரிடம் இருக்குமாயின், அவரது பழைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு பாதியை ஈரம் உலராமல் வாங்கிவந்து வைத்தால் இக்காலம் வெகுவாகக் குறையும். காசில்லாமல் ஒருவருக்கொருவர் செய்யத்தக்க உதவி இது.

4. ஐந்து சோதனைகள்

இரு மீன் இனங்கள் ஒரு தொட்டியில் கூடி வாழுமா என்பதை அறியப் பின்வரும் ஐந்து சோதனைகளையும் வரிசையாக இட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் தவறினாலும் அக்கூட்டு ஆகாது.

முதலாவது, நீர். இரண்டும் ஒரே வகை நீருக்குரியவையா என்பதைப் பார்க்க வேண்டும். இதனை மேலே கண்டோம்.

இரண்டாவது, வெப்பநிலை. வெப்ப நாட்டுச் சிறுமீன்களுக்கு 24 முதல் 28 பாகை வரை பொதுவாக ஏற்றது. ஒரு லிட்டர் நன்னீர் 20 பாகையில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே தாங்கும். கோடையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து தவிப்பதன் காரணம் இதுவே. நியான் டெட்ரா 26 பாகைக்கு மேல் நெடுநாள் தாங்குவதில்லை. சமவெளியின் சித்திரை, வைகாசி வெயிலில் அதனை வைத்திருப்பது கொடுமையாகும்.

மூன்றாவது, வாய். ஒரு மீனின் வாய்க்குள் அடங்கக்கூடிய மற்றொரு மீன் நாளடைவில் அதற்கு இரையாகும். சாதுவென்று பெயர் பெற்ற மீனுக்கும் இவ்விதி பொருந்தும். ஏஞ்சல் மீன் குஞ்சாயிருக்கும்போது டெட்ராக்களோடு அமைதியாகத் திரியும். வளர்ந்தபின் ஓரிரவில் அவற்றை விழுங்கிவிடும்.

நான்காவது, குணம். சில மீன்கள் எல்லை வகுத்துக்கொண்டு பிறவற்றை விரட்டும். சில துடுப்புகளைக் கடிக்கும். டைகர் பார்ப் என்னும் வரிக்கெண்டை இதற்குப் பெயர் பெற்றது. நீண்ட வாலுள்ள கப்பியும், நூல்போன்ற உணர்விழையுடைய கௌராமியும் அதனிடம் அகப்பட்டால் துடுப்பு கிழிந்து, அப்புண்ணில் பூஞ்சை பற்றி இறக்கும்.

ஐந்தாவது, மட்டமும் எண்ணிக்கையும். பண்ணைக் குட்டையில் கூட்டு மீன் வளர்ப்புச் செய்வோர் மேல்மட்டத்திற்குக் கட்லாவையும், நடுமட்டத்திற்கு ரோகுவையும், அடிமட்டத்திற்கு மிர்காலையும் சேர்த்து விடுவதை அறிவோம். ஒரே மட்டத்தில் நெருக்கடி உண்டாகாமலிருக்கச் செய்யும் அந்த ஏற்பாடு கண்ணாடித் தொட்டிக்கும் பொருந்தும். மேலும், கூட்டமாக வாழும் இயல்புடைய மீனை ஆறுக்குக் குறையாமல் வைக்க வேண்டும். ஒன்றிரண்டாக விட்டால், அது அஞ்சி ஒடுங்கும். அல்லது எரிச்சலுற்றுப் பிறவற்றைத் துன்புறுத்தும். வகைக்கு ஒன்றாகப் பத்து வகை வாங்கும் ஆசைதான் புதியோரை அதிகமாகக் கெடுக்கிறது.

5. சிறு தொட்டிக்கு ஆகாதவை

தங்கமீன்: சீனத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்துப் பேணப்பட்ட இனம். குளிர்ந்த நீரை விரும்புவது. மிகுதியாகத் தின்று மிகுதியாகக் கழிப்பது. ஒரு சாணுக்குக் குறையாமல் வளரக்கூடியது. வெப்ப நாட்டுச் சிறுமீன்களோடு இதற்கு எவ்வகையிலும் பொருத்தமில்லை. உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் இதனை அடைப்பது முற்றிலும் தவறு.

சண்டை மீன்: தாய்லாந்து நாடு இதனை 2019-ஆம் ஆண்டில் தனது தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது. இரண்டு ஆண் மீன்கள் ஒரே தொட்டியில் இருந்தால் பெருங்காயமுறும்வரை போரிடும். நீண்ட வாலுள்ள ஆண் கப்பியையும் தன் எதிரியென்று எண்ணித் தாக்குவதுண்டு. இதனைத் தனியே வளர்ப்பதே நலம்.

ஆஸ்கர்: 30 சென்டிமீட்டர் வரை வளரும், சிறுமீன்களைத் தின்னும்.

தொட்டி துப்புரவாளன் என்று விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி: விரல் நீளத்தில் வாங்கும் இம்மீன் 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரவல்லது. பாசியை ஓரளவு தின்னும் என்பது மெய். தான் இடும் கழிவு அதனினும் மிகுதி. எந்த மீனும் தொட்டியைத் துப்புரவு செய்யாது; அது வளர்ப்பவரின் வேலை.

மிஸ் கேரளா: மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கு உரிய அழகிய மீன், அழிவின் விளிம்பை நெருங்கும் இனமென்று பன்னாட்டுச் செம்பட்டியலில் குறிக்கப்பட்டது. விரைந்த நீரோட்டமும் நீண்ட தொட்டியும் இதற்கு வேண்டும். இரண்டடித் தொட்டியில் வைப்பது இதற்கு இழைக்கும் தீங்காகும்.

6. மூன்று மாதிரிக் கூட்டங்கள்

45 லிட்டர் நீருக்கு ஏற்ற மூன்று ஏற்பாடுகளைக் கீழே தருகிறோம். இவற்றுள் ஒன்றையே தெரிந்தெடுக்க வேண்டும், மூன்றையும் கலத்தலாகாது.

முதல் ஏற்பாடு, கடின நீருக்கு உரியது: ஆண் கப்பி ஐந்து; பிளாட்டி ஓர் ஆணும் இரு பெண்களும். கப்பி மூன்று சென்டிமீட்டரும் பிளாட்டி ஐந்து சென்டிமீட்டருமாக மொத்தம் 30 சென்டிமீட்டர். பிளாட்டியில் ஆணுக்கு இரு பெண்கள் என்று வைப்பது, ஒரே பெண்ணை ஆண் ஓயாது துரத்துவதைத் தடுப்பதற்காக. கப்பியில் பெண்ணைச் சேர்த்தால் ஏறத்தாழ மாதம் ஒருமுறை குஞ்சு ஈனும். ஒருமுறை கூடிய பெண், ஆண் இல்லாதபோதும் பல மாதங்கள் தொடர்ந்து குஞ்சு தரும். தொட்டி விரைவில் நெருங்கிவிடுமாதலால் ஆண்களை மட்டும் கூறினோம். பிளாட்டிக் குஞ்சுகளில் பலவற்றைப் பெரிய மீன்களே தின்றுவிடும். எஞ்சி வளர்பவற்றைத் தொட்டி வைத்திருக்கும் மற்ற அங்கத்தினர்களுக்குக் கொடுக்கலாம்.

இரண்டாம் ஏற்பாடு, மென்மையான அல்லது நடுத்தர நீருக்கு உரியது: ஹார்லிக்வின் ரஸ்போரா ஆறு, தேன் கௌராமி ஒன்று. மொத்தம் ஏறத்தாழ 29 சென்டிமீட்டர். ரஸ்போரா மலேயா, சுமத்திரா முதலிய தென்கிழக்காசிய நாடுகளைச் சேர்ந்தது. நடுமட்டத்தில் கூட்டமாகத் திரிவது. தேன் கௌராமி இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் தோன்றியது. மேல்மட்டத்தில் மெல்ல உலவுவது. கௌராமிக்கு நீர்மட்டத்திற்கு மேலுள்ள காற்றைச் சுவாசிக்கும் தனியுறுப்பு உண்டு. எனவே மூடிக்கும் நீருக்கும் இடையே வெளி விடவேண்டும்.

மூன்றாம் ஏற்பாடு, புதியோருக்கு மிக எளியது: சீப்ரா டேனியோ ஏழு, மொத்தம் 28 சென்டிமீட்டர். கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலங்களுக்குரிய நமது நாட்டு மீன் இது. பிரான்சிஸ் ஹாமில்டன் என்பார் 1822-ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். இன்று உலகெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் பயன்படுகிறது. வெப்பமும் நீரின் குணமும் சற்று மாறினாலும் தாங்கும். சதா விரைந்து நீந்துவதால், மந்தமான மீன்களோடு சேர்க்காமல் தனிக்கூட்டமாக வைப்பதே அழகு. தாவும் இயல்புள்ளதாகையால் மூடி இன்றியமையாதது.

7. கொணர்தலும் பேணுதலும்

சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைக்குச் சென்றால் கண் மயங்கும். கையில் எழுதிய பட்டியலோடு சென்று, அதிலுள்ளதை மட்டும் வாங்கித் திரும்ப வேண்டும். துடுப்பு மடிந்தது, உடலில் உப்புத்தூள் போன்ற வெண்புள்ளி உடையது, மூலையில் ஒதுங்கி மூச்சிரைப்பது ஆகியவற்றையும், அவை உள்ள தொட்டியிலுள்ள பிற மீன்களையும் விலக்க வேண்டும்.

முதலில் மூன்று மீன்களை விட்டு, இரண்டு வாரம் கழித்து எஞ்சியவற்றைச் சேர்த்தல் நன்று. மீன் வந்த பையைக் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, பின்னர்ச் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பையில் கலந்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடவேண்டும். கடை நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. பின்னாளில் வாங்கும் மீனை வேறொரு பாத்திரத்தில் இரண்டு மூன்று வாரம் தனித்து வைத்துப் பார்த்தபின் சேர்த்தால் நோய் பரவாது.

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி. நாளுக்கு இருமுறை போதும். வாரந்தோறும் நீரில் கால் பங்கை வெளியேற்றி, முன்பே பக்குவப்படுத்திய நீரை வார்க்க வேண்டும். வடிகட்டிப் பஞ்சை வெளியேற்றிய தொட்டி நீரிலேயே அலசுக. குளோரின் கலந்த குழாய் நீரில் அலசினால், ஆறு வாரம் வளர்ந்த நுண்ணுயிர்கள் ஒரு நிமிடத்தில் அழிந்துபோகும். வேலம்பாசி முதலியவற்றைக் குளத்திலிருந்து எடுப்போர், அட்டையும் தும்பியின் இளம்புழுவும் ஒட்டியிராதபடி நன்கு அலசியே இடவேண்டும்.

8. நமது தொழிலால் நேரும் ஆபத்து

வேறு பத்திரிகைகள் சொல்லாத ஒன்றை நமது அங்கத்தினர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாயப்பட்டறையில் உபயோகித்த வாளி, குவளை, வடிதுணி எதனையும் மீன் நீருக்குப் பயன்படுத்தக் கூடாது. காஸ்டிக் சோடா நீரின் காரத்தை ஒரேயடியாக உயர்த்தும். ஹைட்ரோஸ் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும். தோட்டத்தில் மருந்து தெளித்துவிட்டு வந்த கையைத் தொட்டியில் விடலாகாது. மயில்துத்தம் சிறிதளவே கலந்தாலும் மீனைக் கொல்லும். பைரித்திராய்டு வகைப் பூச்சிமருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு. வீட்டில் ஏற்றும் கொசுவர்த்திகளிலும், மின்சாரத்தில் சூடாக்கும் கொசுவிரட்டித் திரவத்திலும் இவ்வகை மருந்துகளே பெரும்பாலும் உள்ளன. காற்றுக் கருவி அறைக்காற்றை இழுத்து நீருக்குள் செலுத்துவதால் ஆபத்து இருமடங்காகிறது. தொட்டியுள்ள அறையில் இவற்றை விலக்கி, கொசுவலையைப் பயன்படுத்துவதே தக்கது. மீனுக்கென்று ஒரு வாளியும் ஒரு குவளையும் தனியே வாங்கிப் பெயரெழுதி வைத்தல் சிறந்த முன்னேற்பாடு.

9. வேண்டாத மீனை என்செய்வது?

இரக்கத்தினால் சிலர் வேண்டாத மீனை ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். இது ஊருக்கே கேடு. மேலே கூறிய உறிஞ்சுவாய்க் கெளுத்தி தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களின் நீர்நிலைகளில் பரவிவிட்டது. எலும்புத் தகடு போர்த்த அதன் உடலும் முட்களும் வலைகளைக் கிழிக்கின்றன; கரைகளில் வளை தோண்டி முட்டையிடுவதால் மண் சரிகிறது; விலைக்கு வாங்குவாரும் அரியர். 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை எவ்வாறு நமது குளங்களை நிறைத்தது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். குளம் வற்றினால் நாம் சேர்ந்து தூர்வாரலாம். அந்நிய மீன் புகுந்தால் அதனை முற்றிலும் அகற்ற எவராலும் இயலாது.

ஆதலால், வேண்டாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அல்லது பெரிய தொட்டியுள்ள மற்றோர் அங்கத்தினரிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லாவற்றினும் மேலானது, வளர்க்க இயலாததை வாங்காமலிருப்பதே.

கல்விக் குழுவில் விவாதிக்க வினாக்கள்

1. 90 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டியின் முழுக் கொள்ளளவு என்ன? அதில் 90 லிட்டர் நீர் நின்றால் எத்தனை சென்டிமீட்டர் சிறுமீன் விடலாம்?

2. உங்கள் வீட்டுக் கிணற்று நீர் கடினமானதா, மென்மையானதா? எந்த அடையாளத்தால் அறிந்தீர்கள்? அதற்கு மூன்று ஏற்பாடுகளில் எது பொருந்தும்?

3. கப்பியும் டைகர் பார்ப்பும் ஐந்து சோதனைகளில் எதில் தவறுகின்றன?

4. உங்கள் வீட்டில் தொட்டி வைக்க எண்ணும் அறையில், மீனுக்கு நஞ்சாகக்கூடிய பொருள்கள் எவை? அவற்றை எவ்வாறு அகற்றுவீர்கள்?